பெரிய கோயிலின் நிழல்: பயணப் படமும் உடன் வராத சொல்லும்

ஒரு முரண்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது நம்மில் பலர் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே கேட்டு வைத்துக்கொண்ட செய்தி. செய்தி தவறு. காலை ஒன்பது மணிக்கு விமானத்தின் பின்புறம் போய் நின்றால், மேற்குத் திருச்சுற்றை நோக்கி நீண்டு கிடக்கும் அதன் நிழலில்தான் நிற்போம். கல் தரை சுடத் தொடங்கும் மாதங்களில் வெறுங்காலோடு வந்தவர்கள் தேடி ஒதுங்குவதும் அங்கேதான். ஏறக்குறைய 60 மீட்டர் உயரமுள்ள கட்டடம் நிழல் இல்லாமல் நிற்க வழியில்லை. சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள்களில், நண்பகலில் சற்று நேரம், நிழல் சுருங்கி அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அந்தச் சற்று நேரத்தை ஊர்வாய் ஆண்டு முழுமைக்கும் நீட்டிவிட்டது.

வதந்தியில் வியப்பில்லை, எந்தப் பெரிய கட்டடத்தைச் சுற்றியும் நாலு கதை இருக்கும். கைபேசிக்கு வந்து சேரும் தஞ்சைப் படங்கள்தான் யோசிக்க வைக்கின்றன. சில படங்களில் விமானத்தின் நிழல் கல் தளத்தில் தெளிவாக விழுந்து கிடக்கிறது. படத்தின் கீழேயோ ‘நிழல் விழாத அதிசயம்’ என்று எழுதியிருக்கிறது. எடுத்தவர் நிழலைக் கண்டிருக்கிறார். கருவியும் கண்டிருக்கிறது. படம் வந்து சேர்ந்தவர்களும் கண்டு கைகூப்புக் குறி இட்டிருக்கிறார்கள். படத்தையும் சொல்லையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க மட்டும் ஒருவரும் முனையவில்லை.

பயணம் போனவர்கள் படங்களையும் எண்ணங்களையும் பகிர்வது குறித்த விவாதம் பெரும்பாலும் ‘படமெடுப்பது நல்லதா, கெட்டதா’ என்பதைச் சுற்றியே நடக்கிறது. இக்கட்டுரை எழுப்ப விரும்புவது வேறு கேள்வி: ஒரே பொட்டலமாகப் பயணிகளிடமிருந்து வந்துகொண்டிருந்த படமும் சொல்லும் எப்படிப் பிரிந்தன? பழியைக் கருவியின் மேல் போடுவது எளிது. பெறுநர் யார் என்பது மங்கிப்போனதே காரணம் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

இரண்டு பழைய குற்றச்சாட்டுகள்

படமெடுக்கும் பயணியின் மேல் அறிவுலகம் வைத்த குற்றச்சாட்டுகளில் இரண்டு நிலைத்துவிட்டன. முதலாவது, சூசன் சொன்டாக் 1977இல் நூலாக்கிய ஒளிப்படக்கலை பற்றிய கட்டுரைகளில் உள்ளது: படமெடுப்பது உடைமையாக்கிக்கொள்ளும் செயல், என்ன செய்வதென்று தெரியாத புது இடத்தில் பயணியின் கைக்கு அது ஒரு வேலை கொடுக்கிறது. இரண்டாவது, ஜான் உர்ரி 1990இல் சுற்றுலாப் பார்வை பற்றி எழுதிய நூலில் விரித்துரைத்தது: பயணி விளம்பரத்தாளில் ஏற்கெனவே கண்ட காட்சியைத் தேடிப் போகிறார், அதே காட்சியைத் தானும் எடுத்து வருகிறார், அதைக் கண்டவர் அடுத்துப் புறப்படுகிறார். செக்கு மாட்டுச் சுற்று.

உர்ரியின் வாதம் காலப்போக்கில் வலுத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். 2018இல் தொடங்கிய ‘இன்ஸ்டா ரிபீட்’ என்ற இன்ஸ்டாகிராம் கணக்கு, வெவ்வேறு பயணிகள் எடுத்த ஒரே மாதிரியான படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டியது: கூடார வாயிலின் வழியே தெரியும் மலை, படகின் முன்முனை, பாறை விளிம்பில் முதுகு காட்டி நிற்கும் ஆள். உர்ரி பக்கம் பக்கமாக எழுதியதை அக்கணக்கு ஒரு கட்டத்துக்குள் காட்டிவிட்டது.

ஆனாலும் இரு வாதங்களுக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. இரண்டும் படம் எடுக்கப்படும் நொடியோடு நின்றுவிடுகின்றன. படம் வீடு வந்த பிறகு அதைக் காட்டி ஒருவர் என்ன பேசினார் என்பது அவற்றுக்கு முக்கியமாகப் படவில்லை. பேசாத படத்தைப் பார்த்துவிட்டுப் படத்தைக் குறை சொல்வது, உறையை மட்டும் பார்த்துவிட்டுக் கடிதத்தைக் குறை சொல்வது போன்றது.

சோதனைகள் சொல்வது

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உளவியலாளர்கள் இதை அளந்து பார்க்கத் தொடங்கினார்கள். முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பவைபோல் தோன்றுவதால் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹென்கல், மாணவர்களை அங்குள்ள கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் சொன்னார். மறுநாள் சோதித்தபோது, படமெடுத்த பொருள்கள் குறைவாகவே நினைவில் இருந்தன. 2014இல் வெளியான இந்த ஆய்வு உலகெங்கும் செய்தியானது. கேமரா நினைவைத் தின்கிறது என்ற ரீதியில் தலைப்புகள் வந்தன. அதே ஆய்வின் இன்னொரு பாதி செய்திகளில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தவர்களுக்கு நினைவு குன்றவில்லை. நெருக்கி எடுக்காத பகுதிகளும்கூட நினைவில் நின்றன. எதை நெருக்குவது என்று தேர்ந்த நொடியில் மனம் அந்தப் பொருளோடு இருந்திருக்கிறது.

2016இல் கிரிஸ்டின் டீல், கால் ஸாபர்மன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் மூவரும் வெளியிட்ட ஒன்பது சோதனைகள் எதிர்த்திசையில் போயின. பேருந்தில் ஊர் சுற்றுவது, உண்பது, அருங்காட்சியகம் பார்ப்பது என்று பல சூழல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தியவை அவை. படமெடுத்தவர்கள் அனுபவத்தில் கூடுதலாக ஈடுபட்டார்கள், கூடுதலாக மகிழ்ந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு வந்த தொடராய்வு இன்னும் நுட்பமானது: விரும்பியதைத் தாமே தேர்ந்து படமெடுத்தவர்களுக்குக் கண்டது நன்றாக நினைவிருந்தது, காதால் கேட்டது மங்கியது. கண்ணுக்கு லாபம், காதுக்கு நட்டம்.

ஹென்கலுக்கும் இவர்களுக்கும் உள்ள முரண்பாடு தோன்றும் அளவுக்குப் பெரிதில்லை. அங்கே மாணவர்கள் சொன்னதை எடுத்தார்கள். இங்கே பிடித்ததை எடுத்தார்கள். ஏவியதைச் செய்யும் கை மனத்தைக் கூட்டிப்போவதில்லை. கட்டாயம் எடுத்தாக வேண்டிய கோணங்களின் பட்டியலோடு சுற்றுலா போகிறவர் தம்மையறியாமல் ஹென்கலின் மாணவராகிவிடுகிறார் என்று இதை விரித்துப் படிக்கலாம்.

நம் கேள்விக்கு மிக அருகில் வருவது 2018ஆம் ஆண்டு ஆய்வு. பராஷ், ஸாபர்மன், டீல் மூவரும் இம்முறை நோக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள்: ஒரு சாரார் தம் நினைவுக்காகப் படமெடுத்தார்கள், மறு சாரார் பிறரோடு பகிர்வதற்காக. இரண்டாம் சாராருக்கு மகிழ்ச்சி குறைந்தது. ‘நான் எப்படித் தெரிவேன்’ என்ற கவலை நடுவில் வந்து உட்கார்ந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைக் கொண்டு பகிர்தலே கேடு என்று தீர்ப்பெழுதிவிடலாம், ஒரு விவரம் குறுக்கே நிற்காவிட்டால். பெறுநர் எவ்வளவு நெருக்கமானவர் என்பதைப் பொறுத்து விளைவு மாறியது. யார் யாரோ பார்க்கப்போகிறார்கள் என்று எடுப்பது வேறு. நெருங்கிய நண்பருக்கு என்று எடுப்பது வேறு.

இவையெல்லாம் அமெரிக்கச் சூழலில், பெரும்பாலும் சில மணி நேர அனுபவங்களில் அளந்தவை. நான்கு நாள் காசிப் பயணத்துக்கோ, பேருந்து நிறைய உறவினரோடு போகும் நவக்கிரகச் சுற்றுக்கோ அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பெறுநர் என்ற சொல்லை அவை மேசைமேல் வைத்துவிட்டன. அதைப் பிடித்துக்கொண்டு வரலாற்றுக்குள் போகலாம்.

ஒரு நண்பருக்காக எழுதியவர்

சென்னையில் இருந்த உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். பெரிய பரிவாரம், பல்லக்கு, கூடாரம். வழி நெடுகத் தெலுங்கில் குறிப்பெழுதி, நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாச பிள்ளைக்கு அனுப்பினார். அவை 1838இல் ‘காசி யாத்திரை சரித்திரம்’ என்ற நூலாக அச்சேறின. ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு மறு ஆண்டு.

எந்தச் சத்திரத்தில் தண்ணீர் நன்றாயிருக்கும், எந்த ஊரில் சாமான் கிடைக்கும், பாதை எங்கே கெட்டுக் கிடக்கிறது என்பவற்றையெல்லாம் அவர் ஊர் ஊராகக் குறித்தார். நாளைக்கு அதே வழியில் போகக்கூடிய ஒருவர் கையில் இருக்கவேண்டிய விவரங்கள் அவை. காட்சியின் அழகைவிட அடுத்தவர் கால் நோகாமல் போவது முக்கியம் என்ற நினைப்பு அதில் தெரிகிறது. தாம் யாருக்கு எழுதுகிறோம் என்பதை அறிந்திருந்ததால் எதை எழுதவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

படம் ஒருவருடையது, சொல் இன்னொருவருடையது

சென்னை மாகாண அரசின் அதிகாரப்பூர்வ ஒளிப்படக்காரர் லினேயஸ் டிரைப், 1857 இறுதியிலும் 1858இலும் திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றிப் படமெடுத்தார். தொகுதிகளாக வெளிவந்தபோது விளக்கவுரையைப் பிறர் எழுதினார்கள். மதுரைத் தொகுதிக்கு எழுதியவர் அங்கே பணியாற்றிய பாதிரியார் டிரேசி. அரசு செலவில் நடந்த இந்த வேலையை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் ஆடம்பரமென்று கருதி நிறுத்திவிட்டார். நிதித்துறைக் கண்ணுக்குக் கலை எப்போதும் அப்படித்தான் தெரியும்.

தஞ்சையில் டிரைப் செய்த ஒன்று நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அடுத்தடுத்து 21 படங்களாக எடுத்து, ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள ஒரே சுருளாக ஒட்டினார். எழுத்துகளைக் குறிவைத்தே எடுத்த படம் அது. எங்கோ இருக்கும் அறிஞர் ஒருவர் அதை வைத்துப் படிக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு அதன் பின்னால் இருந்தது. அக்கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் 1880களின் பிற்பகுதியில் முறையாகப் படித்த பிறகே கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்பது ஐயமற உறுதியானது. அதுவரை தலபுராணம் கரிகாலனைக் கைகாட்டிக்கொண்டிருந்தது. எழுத்து கல்லில் இருந்தது, படத்திலும் ஏறிவிட்டது. ஆனாலும் படிக்க ஒருவர் வர ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின.

அட்டையின் பின்பக்கம்

படமும் சொல்லும் ஒன்றாகப் போய்வந்த பொற்காலம் என ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது படத் தபாலட்டையின் காலம். தொடக்கத்தில் அட்டையின் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே. செய்தியைப் படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை விளிம்பில் நெருக்கி எழுத வேண்டும். பிரிட்டன் 1902இலும் அமெரிக்கா 1907இலும் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பாதியைச் செய்திக்கு விட்டன. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸும் வீலே அண்டு கிளைனும் அச்சிட்ட அட்டைகள் கடல் கடந்தன. சென்னை, பெங்களூர் அட்டைகளைக் கொண்டு ஸ்டீபன் ஹியூஸ், எமிலி ஸ்டீவன்சன் இருவரும் 2018இல் லண்டனில் கண்காட்சி நடத்தினார்கள்.

அட்டையின் அமைப்பைச் சற்றுக் கவனிக்கலாம். படம் எல்லாருக்கும் ஒன்று. அச்சகத்தில் ஆயிரமாக அடித்தது. எழுத்து ஒருவருக்கு மட்டும். முகவரி எழுதாமல் அட்டை நகராது. இன்றைய பகிர்வில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது: படம் நம் சொந்தப் படம், சொல் எல்லாருக்குமான சொல். ‘சொர்க்கம்’, ‘மன அமைதி’, ‘வாழ்வில் ஒருமுறையாவது’. இவற்றை எந்தப் படத்தின் கீழும் ஒட்டலாம், ‘நிழல் விழாத அதிசயம்’ உட்பட.

கோட்டையூர்க்காரர்

தமிழில் இந்தக் கேள்விக்கு மிகச் சிறந்த சான்று ஏ.கே. செட்டியார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்தவர். ரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தியவர். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலையை முறையாகப் பயின்றவர். 1937இல் அட்லாண்டிக் கடலில் கப்பலில் வரும்போது காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டுமென்ற எண்ணம் தோன்றி, உலகெங்கும் அலைந்து பழைய படச்சுருள்களைச் சேகரித்து, 1940இல் தமிழில் வெளியிட்டார். 1943 முதல் ‘குமரி மலர்’ இதழை நடத்தினார். 1983இல் மறைந்தார்.

கேமராவைக் கற்றுத் தேர்ந்தவரின் எழுத்தில் காட்சி வருணனை வழியுமென்று எதிர்பார்ப்போம். அவருடைய ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிறைந்திருப்பவர்கள் மனிதர்கள்: விடுதிக்காரர், கப்பலில் உடன் வந்தவர், வழி சொன்னவர். சின்ன வாக்கியங்கள், ஓசையில்லாத நகைச்சுவை, தம்மை முன்னிறுத்தாத அடக்கம். பூகோளப் பாடம் குறைவு. காட்சியைக் கேமராவிடம் ஒப்படைத்துவிட்டதால் பேனாவுக்கு மனிதர்களைக் கவனிக்க நேரம் கிடைத்தது என்று நான் கருதுகிறேன். நேர்மாறான விளக்கமும் சாத்தியம்: அவர் முதலில் பத்திரிகைக்காரர், பிறகே படக்காரர். ஒரு தனி மேதையைக் காட்டிப் பொது விதி வகுக்க முடியாது என்ற ஆட்சேபமும் நியாயமானதே.

ஆனால் அவருக்குப் பெறுநர் யார் என்பதில் ஐயமே இல்லை. கப்பல் டிக்கெட்டுக்கு வழியில்லாத, ஆனால் மாதாமாதம் இதழை வாங்கிப் படிக்கிற தமிழர். 1968இல் தமிழ்நாட்டுக்குள் நடந்த பழைய பயணங்களைப் பற்றிய கட்டுரைகளைத் தேடித் தொகுத்து அவர் நூலாக்கியதும் அதே வாசகருக்காகத்தான். இத்தனை உலகம் சுற்றியவர் கடைசியில் உட்கார்ந்து பிறருடைய உள்ளூர்ப் பயணங்களைத் திரட்டினார் என்பது, பகிர்தல் என்ற சொல்லுக்கு அவர் கொண்டிருந்த பொருளைக் காட்டுகிறது.

சொல் விலகியபின் இடத்துக்கு நேர்வது

சொல் இல்லாத படத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது இடத்தின் பெயர் மட்டும். சில நேரம் பெயரையே படம் மாற்றிவிடும். கொடைக்கானலில் ‘டெவில்ஸ் கிச்சன்’ என்றிருந்த குகைப்பகுதி 1991இல் வந்த ‘குணா’ திரைப்படத்துக்குப் பிறகு குணா குகை ஆயிற்று. 2024இல் வெளியான ‘மஞ்சும்மல் பாய்ஸ்’, 2006இல் அங்கே ஓர் இளைஞர் குழிக்குள் விழுந்து நண்பர்களால் மீட்கப்பட்டதைச் சொன்ன படம். இந்த இடம் ஆளைக் கொல்லும் என்பதே படத்தின் செய்தி. கூட்டமோ அந்த இடத்தின் முன் நின்று படமெடுத்துக்கொள்ளத் திரண்டது.

நார்வேயின் டிரோல்துங்கா பாறைநாக்குக்கு 2010இல் சுமார் 800 பேர் ஏறினார்கள்; 2016இல் சுமார் 80,000 பேர். ஜப்பானில் ஃபூஜிகவாகுச்சிகோ ஊரில், கடைக்குப் பின்னால் ஃபூஜி மலை தெரியும் ஒரே கோணத்துக்காக வந்தவர்கள் சாலையை மறித்ததால், 2024 மே மாதம் 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலை கட்டினார்கள். வலையில் துளை போட்டுப் படமெடுத்தார்கள். இவற்றுக்கெல்லாம் படங்கள் மட்டுமே காரணமென்பது மிகை. மலிவான விமானப் பயணமும் நல்ல சாலையும் சேர்ந்துதான் கூட்டத்தைக் கொண்டுவந்தன. எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் படம் தீர்மானித்தது.

ஏக்கம் தேவையில்லை

இதைக் கடந்தகாலப் பெருமையாகப் படித்துவிடக் கூடாது. வீராசாமியின் பல்லக்கைச் சுமந்தவர்களும் காசி போனவர்கள்தான். அவர்கள் கண்ட காசி எந்த நண்பருக்கும் எழுதி அனுப்பப்படவில்லை. விருந்தினரைப் பிடித்து உட்காரவைத்து முழு ஆல்பத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டிய வீடுகளில் நெளிந்தவர்களுக்கு, பழைய முறையின் அருமை அவ்வளவாகத் தெரிந்திருக்காது. படத்தில் தானும் இருக்கவேண்டும் என்ற ஆசையும் கைபேசியோடு பிறந்ததல்ல. ராஜஸ்தானின் நாத்துவாராவில், யாத்ரீகர்களின் முகத்தை ஒளிப்படத்திலிருந்து வெட்டி, ஸ்ரீநாத்ஜியின் முன் வணங்கி நிற்பதாகத் தீட்டிய உடல்மேல் ஒட்டித்தந்த ஓவியர்கள் இருந்தார்கள். இன்று மோட்டார் சைக்கிளில் இரவெல்லாம் ஓட்டிக் கொல்லிமலை போய் ஒரு படம் அனுப்பும் தொழிற்சாலை இளைஞருக்கு, பயணம் என்பதே அவர் குடும்பத்தில் முதல் தலைமுறை. அந்தப் படத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வது மேட்டிமை.

தவிர, நெருங்கிய பெறுநர் இன்னும் இருக்கிறார். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்ய உத்தரவிட்டது. மதுரை மீனாட்சி கோயிலில் அதற்கு முன்பே தடை இருந்தது. அங்கே கைபேசியைத் திரும்ப வாங்குமிடத்தில் சற்று நின்று பாருங்கள். வாங்கியவுடன் வெளியிலிருந்து கோபுரத்தை ஒரு படம் எடுக்கிறார்கள். அடுத்து வீட்டுக்கு அழைத்து, அம்மனுக்கு இன்று என்ன நிறப் பட்டு, கூட்டம் எப்படி, எவ்வளவு நேரம் நின்றோம், பாட்டியால் நடக்க முடியுமா என்று வாயால் சொல்கிறார்கள். எடுக்க முடியாததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீரும் சத்திரமும் குறித்த வீராசாமியின் குரலுக்கு இது தூரத்து உறவு.

அடித்தளத்தின் எழுத்து

தஞ்சைக்குத் திரும்புவோம். டிரைப் 21 படங்களில் அடக்கிய அடித்தளத்தின் முன்தான் இன்று குடும்பங்கள் வரிசையாக நின்று படமெடுத்துக்கொள்கின்றன; உயரம் வாகாக இருக்கிறது, பின்னணியும் அழகு. தான் கொடுத்தவற்றையும் தன் தமக்கை கொடுத்தவற்றையும் தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும் மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ராஜராஜன் இட்ட ஆணை அந்தக் கோயிலின் கல்லில் உள்ளது. நண்பர் ஒருவர் அனுப்பிய குடும்பப் படத்தைச் சென்ற மாதம் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தையின் தலைக்கும் தாயின் தோளுக்கும் நடுவே இரண்டு வரி எழுத்து, மங்காமல், எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி தெரிந்தது. படத்தின் கீழே எழுதியிருந்தது: நிழல் விழாத கோயிலில் நாங்கள். அது என்ன எழுத்து என்று கேட்டு அவருக்குப் பதில் போட்டேன். தெரியவில்லை, அடுத்த முறை போகும்போது பார்க்கிறேன் என்றார்.